நாற்பது மீட்டர் டிரைவர்

புதுவயலில் மாயக்கண்ணன் என்று கேட்டால் நான்கு பேரைக் காட்டுவார்கள். டிரைவர் மாயக்கண்ணன் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். அறுபத்தேழு வயதுவரை அந்த மனிதர் ஓட்டியிருந்தது ஒரே ஒரு சைக்கிள். அதையும் மேட்டில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தில் பயந்து தள்ளிக்கொண்டு வந்தவர் என்பதால், அதை ஓட்டிய வகையில் சேர்க்கலாமா என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து உண்டு.

ஆனால் இன்ஜின் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. நாகூர் கனியின் அரிசி மில்லுக்குள், உமிக் குவியலுக்குப் பின்னால், இருபது டன் கறுப்பு இரும்பாக நின்றது. தெற்கே ஒரு சுண்ணாம்புக்கல் கம்பெனியில் பதினோரு வருடம் கல் வண்டி இழுத்த நீராவி இன்ஜின். கம்பெனியை மூடியதும் ஏலத்துக்கு வந்தது. நாகூர் கனியின் வாப்பா அதை எடுத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, சக்கரங்களை முக்கால்வாசி செங்கல்லுக்குள் புதைத்து, புகைபோக்கியின் தலையில் இருபதடிக் குழாய் ஒன்றையும் மாட்டிவிட்டார். நிலக்கரிக்குப் பதில் உமி. கல் வண்டிக்குப் பதில் நெல் தொட்டி. கொதிக்கிற ஆவியை ஒரு குழாய் வழியே ஊறின நெல்லுக்குள் விட்டால் புழுங்கல் தயார். உமி தள்ளி ஆவி கிளப்பும் வேலைக்கு அன்றைக்குச் சேர்ந்தவர்தான் மாயக்கண்ணன். மில்காரர்கள் இன்ஜினுக்குக் கருப்பி என்று பெயர் வைத்தார்கள். நாற்பத்தோரு வருடம் கருப்பி ஓர் அங்குலம் நகரவில்லை. அவரும்தான்.

டிரைவர் பட்டம் கல்யாணத்தோடு வந்தது. பள்ளத்தூரில் பெண் பார்த்தபோது விசாலத்தின் அப்பா, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். உமி தள்ளுகிறேன் என்று சொல்லிப் பெண் கேட்க எந்த ஆம்பிளைக்கு வாய் வரும். "இன்ஜின்ல" என்றார் மாயக்கண்ணன். மாமனார் அதோடு விடாமல் மறுநாளே மில்லுக்கு வந்து, கேட் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஓடுமா மாப்ள?"

"ஓடாமலா மாமா."

"இப்ப நிக்கிதே."

"இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்ல."

மாமனாருக்கு அது நியாயமாகப் பட்டது. அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை நகம்கூட வெட்ட மாட்டார்கள்.

அதற்கப்புறம் மாயக்கண்ணன் ஓட்டாத ஓட்டமில்லை. எல்லாம் செல்வத்தின் டீக்கடை பெஞ்சில். கம்பெனி லைனில் ஒருநாள் தண்ணீர் தீர்ந்துபோய், தோப்பில் எழுபது இளநீரை வெட்டி ஊற்றிக் கருப்பியைக் கிளப்பினாராம். வழியெல்லாம் தேங்காய்ப்பால் வாசம் அடிக்க, கல்யாணப் பந்தி வருகிறதென்று மூன்று ஊர்க்காரர்கள் இலையோடு பின்னால் ஓடிவந்தார்களாம். இன்னொரு நாள் அவர் ஊதிய விசிலை இன்ஜினே முந்திவிட்டது. கேட்கீப்பர் இன்ஜினைத் தனியாக, பின்னால் வந்த விசிலைத் தனியாக, இரண்டு வண்டி என்று எழுதிவைத்தார். இதையெல்லாம் சொல்லும்போது மாயக்கண்ணன் சிரிக்க மாட்டார். டீயில் சர்க்கரை பத்தாது என்பதையும் அதே முகத்தோடுதான் சொல்வார்.

விசாலம் மட்டும் வருடா வருடம், கல்யாண நாள் வருகிற மாசி மாதத்தில், ஒரு கேள்வி கேட்பாள்.

"என்னங்க, இந்த வருசமாச்சும் ஒங்க இன்ஜின்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீகளா?"

ஒரு வருடம் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு வருடம் விசில் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வருடம் கருப்பி சினையாயிருப்பதுபோல் இருக்கிறது, குலுக்கக் கூடாது என்றார். விசாலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்பச் சரி" என்று அடுப்படிக்குப் போவாள். நாற்பது மாசி இப்படிப் போனது.

போன வருடம் நாகூர் கனி புது பாய்லர் வாங்கினார்.

"மாயக்கண்ணண்ணே, இது பட்டனத் தட்டுனா ஆவி குடுக்குது. நீங்க சும்மா வந்து பக்கத்துல ஒக்காருங்க. பேச்சுத் தொணைக்கு அதுக்கும் ஒரு ஆளு வேணும்ல."

"கருப்பிய என்ன மொதலாளி செய்யப் போறீக?"

"கண்டரமாணிக்கத்துல ஒரு பெரிய வீட்ட ஓட்டலாக்கிருக்காருல்ல, தண்டாயுதபாணி. அவரு கேக்குறாரு. பாதுகாக்கப் போறாராம்."

"யாருகிட்டருந்து?"

நாகூர் கனிக்கு அது தெரியவில்லை.

தண்டாயுதபாணி செட்டிநாடு நீராவி மரபுக் குழு என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். குழு என்றால் அவர், அவருடைய ஆடிட்டர் முத்துராமலிங்கம், அப்புறம் ஒரு லெட்டர்பேடு. குழுவின் கொள்கை, எதையும் அதன் பழைய நிலைக்கே கொண்டுபோவது. அதன்படி, செங்கல்லிலிருந்து பெயர்த்து ஓட்டல் தோட்டத்துக்குக் கொண்டுவந்த கருப்பியின் தலையிலிருந்த இருபதடிக் குழாயும் நெல் குழாயும் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டன. என்ன பெயின்ட் அடிப்பது என்று தெரியாததால் கடைசி டிரைவரைக் கேட்டார்கள்.

"கம்பெனியில இருக்கப்ப என்ன கலருங்க?"

மாயக்கண்ணன் கம்பெனி இருந்த திசையைக்கூடப் பார்த்ததில்லை. "வெயில் காலத்துல மாம்பழக் கலரு. மழ பேஞ்சா பச்சை" என்றார்.

திறப்பு விழா கார்த்திகையில் என்பதால் பச்சை அடித்தார்கள்.

சென்னையிலிருந்து அகல்யா என்று ஒரு ஆராய்ச்சியாளர் ரெக்கார்டரோடு வந்து இறங்கினார். வாய்மொழி வரலாறு எடுக்கிறவர். நல்ல மனுசி, எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். மாயக்கண்ணன் முதல்நாள் நெல்லில்தான் ஆரம்பித்தார். ஆவி பட்டதும் நெல் எப்போது வாய் பிளக்கும், பிளக்கிற சத்தத்தை வைத்தே அது எந்த ரகம் என்று எப்படிச் சொல்வது என்று விளக்கிக்கொண்டிருந்தவரை அவர் நிறுத்தினார்.

"ஐயா, நெல் அவிச்சது வேணாம். அது மரபுல வராது. இன்ஜினா இருந்த காலத்தை மட்டும் சொல்லுங்க."

நெல்லைப் பற்றி அவர் மூன்று நாள் உண்மை பேசியிருப்பார். அந்தப் பதினோரு வருடத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆகவே ஐந்து நாள் பேசினார்.

பேசியதெல்லாம் கல்லில் ஏறியது. ஏழடி உயரக் கறுப்புக் கிரானைட். இளநீர் சமாசாரம் அதில் "உள்ளூர் நீர்வளத்தைப் பயன்படுத்திய முன்னோடிப் பரிசோதனை" என்று வந்தது. விசில் சமாசாரம் "ஒலியினும் விரைந்த ஓட்டம்" என்று வந்தது. அடியில் பெரிய எழுத்தில், கடைசி ஓட்டுநர் திரு. மாயக்கண்ணன். தன் பெயருக்கு முன்னால் திரு. இருப்பதை, ரேஷன் கார்டு நீங்கலாக, அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் சுகம். தண்டாயுதபாணி ஓட்டல் தோட்டத்தில் நாற்பது மீட்டருக்குத் தண்டவாளம் போட்டார். "விழா அன்னைக்கு நீங்களே ஓட்டிக் காட்டுறீக. மாவட்டத்துலருந்து பெரிய அதிகாரி கொடியசைக்க வாராரு" என்று சொல்லி, தாம்பாளத்தில் அழைப்பிதழ் வைத்துக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது விசாலம் பீரோவைத் திறந்துவைத்து, கல்யாணப் பட்டுச்சேலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"தண்டவாளம் போட்டாச்சாம்ல. இனி என்ன சொல்லுவீக?" என்றாள்.

மாயக்கண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்தார். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், நாலு நாளில் வேறு ஆளைப் பார்த்துச் சிரிக்கப் போய்விடும். நாற்பது வருடமாக டிரைவர் பெஞ்சாதி என்று சந்தைக்குப் போய்வந்தவள் முன்வரிசையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருக்க, அவள் முன்னால் உமி தள்ளுகிறவனாக நிற்பதா? எப்படியாவது கருப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்.

தண்டவாளம் போட்ட இடத்துக்குப் போனார். போட்டவர் கொத்தனார் பெத்தன். பெரிய வீடுகளின் முற்றங்களுக்குத் தளம் போடுவதில் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. குடத்துத் தண்ணீரைத் தண்டவாளத்தின் இந்த முனையில் ஊற்றிக் காட்டினார். அது அவசரமில்லாமல் வழிந்து, அந்த முனையில் கிரானைட்டின் காலடியில் போய் நின்றது.

"பாத்தியளா வாட்டம்? ஒரு சொட்டு தங்காது" என்றார் பெத்தன்.

தண்டாயுதபாணி பெத்தனுக்கு அங்கேயே துண்டு போர்த்தினார். மாயக்கண்ணன் தண்ணீரைப் பார்க்கவில்லை, தன் கவலையைப் பார்த்தார்.

"சார், கருப்பி நெலக்கரி திங்காது. உமிதான். அதுவும் புதுவயல் உமி" என்றார், இதோடு விட்டுவிடுவார்கள் என்று நம்பி. மறுநாள் இரண்டு லாரி உமி வந்தது. அகல்யா 'உள்ளூர் எரிபொருள் மரபு' என்று எழுதிக்கொண்டார்.

"நெல்லு இல்லாம ஆவி கெளப்புறது ஆகாது சார். தொட்டி வேணும். எட்டு மூட்ட ஊறுன நெல்லு வேணும். அந்தப் பழைய நெல்லுக் கொழாயும் வேணும்."

குழாயை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார்கள். தேடிப் போனால், அது காரைக்குடிப் பழம்பொருள் கடையொன்றில் 'ஜமீன் காலத்துப் பீரங்கி' என்று சீட்டு தொங்க நின்றிருந்தது. பீரங்கியை மீட்டுக்கொண்டு வந்து மறுபடி குழாயாக்கி மாட்டினார்கள். அமாவாசை கழித்து மூன்றாம் நாள்தான் ஓட்டலாம் என்றார். அதிகாரியிடம் சொல்லித் தேதியை மாற்றினார்கள். அவர் எந்தக் கதவைச் சாத்தினாலும் அதற்கு மரபு என்று பெயர் வைத்துத் திறந்தார்கள்.

கடைசியில் வேறு வழியில்லாமல் உண்மைக்கே வந்துவிட்டார்.

"அம்மா, அந்த மிசின நல்லா ஆன் பண்ணிக்கங்க" என்றார் அகல்யாவிடம். "நான் இத ஓட்டுனதே இல்ல. ஒரு தடவகூட. உமி தள்ளிருக்கேன், நெல்லு அவிச்சிருக்கேன். அம்புட்டுத்தான்."

அகல்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், இவ்வளவு அடக்கமான மனுஷரை நான் பார்த்ததே இல்லை" என்றார்.

"பெரிய டிரைவருக அப்படித்தான்மா. நான் ஓட்டுனேன்னு சொல்லமாட்டாக. அது ஓடுச்சு, நான் கூட இருந்தேம்பாக" என்றார் தண்டாயுதபாணி.

டீக்கடையில் சொல்லிப் பார்த்தார். செல்வம் பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, நீங்க விட்டதுலயே இதான் பெருசு."

விசாலத்திடம் சொல்லலாமென்று மூன்று ராத்திரி வாயைத் திறந்தார். மூன்று தடவையும் கொட்டாவியாகவே முடிந்தது.

விழா அன்று விடியற்காலையிலேயே உமி தள்ள ஆரம்பித்துவிட்டார். அது அவருக்குத் தெரிந்த வேலை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளைப் பெத்தனின் ஆட்கள் வந்து எடுத்துவிட்டுப் போனார்கள், இன்ஜின் தாராளமாக ஓடட்டும் என்று. பந்தலில் கூட்டம். முன்வரிசையில் விசாலம், அரக்குப் பட்டில், மடியில் கைப்பையோடு. கொடியோடு அதிகாரி.

மாயக்கண்ணன் இன்ஜினுக்குள் நின்று சுற்றிலும் பார்த்தார். நாற்பத்தோரு வருடமாக அவர் துண்டு காயப்போட்ட நெம்புகோல் இருந்தது. சோற்றுத்தூக்கு மாட்டிய இரும்புச் சக்கரம் இருந்தது. இரண்டும் எதற்கென்று அவருக்குத் தெரியாது. மூன்றாவதாக நெல் வால்வு. அதுதான் தெரியும். ஆவி பதம் வந்துவிட்டதைக் காது சொல்லியது. கை தானாகப் போய் நெல் வால்வைத் திறந்தது.

தொட்டிக்குள் ஆவி புகுந்தது. எட்டு மூட்டை நெல்லும் பொறுமையாக வாய் பிளந்தன. பந்தல் முழுவதும் புழுங்கல் வாசம் சுற்றிவந்தது. கருப்பி நகரவில்லை.

கொடி ஆடியது. ஆடிட்டர் முத்துராமலிங்கம் எழுதிவைத்திருந்ததைப் பார்த்தே மைக்கில் படித்தார். "இதோ, நாற்பத்தோரு ஆண்டு உறக்கம் கலைந்து ஓடுகிறது இந்த இரும்புக் குதிரை. காண்போர் கண்கள் பேறு பெற்றன." கண்கள் பேறு பெற்றவர்கள் கைதட்டினார்கள். ஓடாததை ஒன்றிரண்டு பேர் கவனித்திருக்கலாம். ஆனால் புழுங்கல் வாசத்தில் எல்லாருக்கும் பசி கிளம்பிவிட்டது. அதிகாரி எழுந்தார், கூட்டம் எழுந்தது, பந்திக்குப் போனார்கள்.

விசாலம் மட்டும் எழுந்து போகவில்லை. கூட்டம் போனதும் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்ஜினிடம் வந்தாள்.

"இப்ப ஏத்துங்க."

"ஆவியெல்லாம் நெல்லுக்குள்ள போயிருச்சு விசாலம்."

"ஓட வேணாம். ஏறி நிக்கிறேன்."

கை கொடுத்து ஏற்றினார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்ன?"

"அது சோத்துத்தூக்கு மாட்டுற சக்கரம்."

"சுத்துமா?"

"நாப்பத்தோரு வருசமா சுத்துனதில்ல."

"சுத்துங்க, பாப்பம்."

பழுது பார்த்தவர்கள் அதற்குக் கிரீஸ் போட்டிருந்தார்கள். வெண்ணெயில் கை வைத்ததுபோல் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு, ஐந்து. அடியில் எங்கேயோ எதுவோ பிடியை விட்டது. அது கை பிரேக் என்பதை அவர் பிற்பாடு தெரிந்துகொண்டார். அந்தக் கணத்தில் எதிரே நின்ற வேப்பமரம் பின்னால் போவதாகத்தான் நினைத்தார். நெல் குழாய் கழன்று தொட்டியோடு நின்றுவிட்டது. அப்புறம் பந்தல் கால் போனது. காலி நாற்காலிகள் வரிசையாகப் போயின.

"என்னங்க, சத்தமே இல்ல?" என்றாள் விசாலம், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"நல்ல டிரைவருன்னா அப்படித்தான்" என்றார்.

பெத்தன் கொடுத்திருந்த வாட்டத்தில், குடத்துத் தண்ணீர் போன மாதிரியே, அவசரமில்லாமல் கருப்பி போனது. விசாலத்தின் முந்தானை காற்றில் எழுந்து அவர் முகத்தில் பட்டது. அவர் ஒரு கையால் துண்டு காயப்போடும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, முன்னால் பார்த்தார். டிரைவர்கள் அப்படிப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். சொன்னது அவரேதான்.

முன்னால் கிரானைட் வந்துகொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்க."

"அதான் எப்படின்னு…"

கல் மூன்று துண்டாக விழுந்தது. 'மாயக்' ஒரு துண்டிலும் 'கண்ணன்' இன்னொரு துண்டிலும் போனது. கருப்பிக்குக் கொஞ்சம் பச்சைதான் உதிர்ந்தது. பந்தியில் இருந்தவர்கள் அதிர்வேட்டு என்று நினைத்து இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார்கள்.

அதிகாரி போனபிறகு தண்டாயுதபாணி விசாரணை வைத்தார். விருந்தினர் வாசலில் அவர் நாற்காலியில், மற்றவர்கள் நின்றுகொண்டு.

"இன்ஜினக் கொண்டுபோய் கல்லுல விட்டது யாரு? போலீசுக்குச் சொல்லப் போறேன். மரபுச் சின்னத்த ஒடச்சா உள்ள போகணும்."

மாயக்கண்ணனின் முகம் மலர்ந்தது. இதற்காகத்தான் அவர் நாற்பத்தோரு வருடம் காத்திருந்தார். ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான் சார் ஓட்டுனேன்" என்றார். "மொத்தமா நாப்பது மீட்டரு. நான் ஓட்டுனதுதான்."

விசாலம் அவர் காலை மிதித்தாள்.

"அவரு சொல்றதக் கேக்காதீக" என்றாள் தண்டாயுதபாணியிடம். "அந்த மனுசனுக்கு ஓட்டத் தெரியாது. நாப்பது வருசமா மில்லுக்குச் சோறு கொண்டுபோயிருக்கேன். கருப்பி நின்ன எடத்துலதான் நிக்கும். இவரு உமி தள்ளுவாரு, நெல்லு அவிப்பாரு. டீக்கடையில மட்டுந்தான் ஓட்டுவாரு."

மாயக்கண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இல்ல சார், இன்னைக்கு நெசமாவே ஓட்டுனேன். இவளையும் ஏத்திக்கிட்டு…"

"நான் எங்க ஏறுனேன்? பந்தியில மூணாவது எலையில ஒக்காந்திருந்தேன்" என்றாள் விசாலம். பட்டுச்சேலையின் முழங்காலுக்குக் கீழே ஒரு முழத்துக்குக் கிரீஸ் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. பட்டுச்சேலையில் கறை எப்படி வந்ததென்று ஒரு பொம்பளையிடம் கேட்கிற துணிச்சல் அந்த வாசலில் எவருக்கும் இல்லை.

அகல்யா தயங்கித் தயங்கி ரெக்கார்டரை எடுத்தார். "நான் இத ஓட்டுனதே இல்ல. ஒரு தடவகூட" என்றது அதற்குள் இருந்த மாயக்கண்ணனின் குரல். போன வாரம் அடக்கமாக இருந்தது, இந்த வாரம் சாட்சியமாகிவிட்டது.

"அப்ப இன்ஜின் எப்படிய்யா போச்சு?" என்றார் தண்டாயுதபாணி.

எல்லாரும் பெத்தனைப் பார்த்தார்கள்.

"தண்ணி வழியணும்னு வாட்டம் குடுத்தேன். இன்ஜினும் வழியும்னு எவன் சொன்னான்?" என்றார் பெத்தன். போர்த்திய துண்டு இன்னும் தோளில் இருந்தது.

துண்டு போர்த்தியது தான்தான் என்பது தண்டாயுதபாணிக்கு ஞாபகம் வந்தது. விசாரணையை அதோடு முடித்துக்கொண்டார். மரபுக் குழுவின் அறிக்கையில், மழைநீர் வடிகால் சிறப்பாகச் செயல்பட்டதால் கல் விழுந்தது என்று எழுதினார்கள். புதுக் கல்லில் என்ன வெட்டுவது என்று மூன்று நாள் யோசித்தார்கள். இளநீரும் இல்லை, விசிலும் இல்லை, டிரைவரும் இல்லை என்றாகிவிட்டது. நிரூபணமாகக் கையில் இருந்தது எட்டு மூட்டை புழுங்கல் மட்டும்தான். ஆகவே கல்லில் இப்போது ஒரே வரி: 'இந்த இன்ஜின் புதுவயலில் நாற்பத்தோரு ஆண்டுகள் நெல் அவித்தது.' அந்த எட்டு மூட்டையும் அரைப்படிப் பைகளில், மரபு அரிசி என்ற பெயரில், வெள்ளைக்காரர்களுக்கு ஓட்டலில் விற்றுத் தீர்ந்துவிட்டது.

விசாரணை முடிந்த சாயங்காலம் காரைக்குடி பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். திருப்பத்தூர் ரோட்டுக்கு வந்தபிறகு மாயக்கண்ணன் மெல்ல ஆரம்பித்தார்.

"முன்னயே தெரியும்ல ஒனக்கு?"

"கல்யாணமான மூணாம் நாளே தெரியும்."

"அப்பறம் எதுக்கு வருசா வருசம் கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்னு கேட்ட?"

"கேட்டாத்தான புதுசா என்னமாச்சும் சொல்லுவீக. இன்ஜினு சினையா இருக்குன்னு இந்தப் பூமியில எவ புருசன் சொல்லிருக்கான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னைக்கு நெசமா ஓட்டுனேன் விசாலம். நாளைக்கு டீக்கடையில சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். நீதான் சாட்சி. நீயும் இல்லன்னுட்ட."

"உள்ள போயிருப்பீக."

"டிரைவராப் போயிருப்பேன்."

விசாலம் முழங்காலில் இருந்த கிரீஸை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஓட்டுனதெல்லாம் சரி. அந்த வளைவுல கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாம்" என்றாள்.

"நாப்பது மீட்டர்ல வளைவு ஏது?"

"இருந்துச்சு. நீங்க முன்னாடி பாத்துக்கிட்டு வந்தீக, ஒங்களுக்குத் தெரியல. அந்த வளைவுலதான் எதுக்க ஒரு மாடு வந்துச்சு" என்றாள் விசாலம். அவள் முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை.